பதினேழாம் இலக்க மருதை

எங்கள் பழைய அலுவலகத்தில் மரத்துக்குக் குறி வைக்க இப்போது ஒரு கருவி வந்திருக்கிறதாம். கைத்தொலைபேசி போல இருக்குமாம். மரத்தடியில் நின்று அமுக்கினால் இடம், சுற்றளவு, இலக்கம் எல்லாம் கொழும்புக்குப் போய்விடும். போன கிழமை துளசி என்ற இளம் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்.

"அலுமாரிக்குள்ள கிடக்கிற சுத்தியல எல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க ஐயா. அனுப்ப முன்னம் அதப்பத்தி நீங்க ஒரு கட்டுரை எழுதித் தாங்க. ஆண்டு மலருக்குப் போடுவம்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. சுத்தியலைப் பற்றி எழுதப்போனால் கிளியைப் பற்றி எழுத வேண்டி வருகிறது. கிளியைப் பற்றி எழுதினால் காசிம் சேரை விட முடியாது. காசிம் சேரை எழுதுவதானால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். மலரில் போடுவதும் போடாததும் துளசியின் பாடு.

நான் வனத் திணைக்களத்தில் வெளிக்கள உதவியாளனாகச் சேர்ந்தது சண்டை தொடங்கிச் சில வருடங்களில். பயிற்சி மூன்று மாதம். அதில் நாடாவை நெஞ்சு உயரத்தில் பிடித்து மரத்தின் சுற்றளவு எடுக்கக் கற்றேன். யானை நின்ற இடத்தை மணத்தில் கண்டுபிடிக்கக் கற்றேன். மேலதிகாரி பேசும்போது வாயை மூடிக்கொண்டு நிற்கக் கற்றேன். பயிற்சி முடிந்து வந்தபோது என் காட்டில் பாதிக்குள் போகவே முடியாது என்று சொன்னார்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் அறவே இல்லை. மிஞ்சியது சித்தாண்டிக்கு மேற்கே வயல் வட்டைகளை ஒட்டிக் கிடந்த காட்டு ஓரங்களும், ஆற்றையும் வாய்க்கால்களையும் பிடித்து நின்ற மருதை மரங்களும்தான்.

காசிம் சேர் எங்கள் வட்டார வன அதிகாரி. ஏறாவூர்க்காரர். மெலிந்த ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. காட்டுக்குள் குடை பிடிக்கிற ஒரே றேஞ்சர் இவர்தான் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவருக்கும் அது தெரியும். ஒருநாள் மழையில் நான் நனைந்துகொண்டு நிற்க, "சிரிச்ச ஆளுக்குக் குடைக்குள்ள இடமில்ல தம்பி" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் போனார்.

மரத்துக்குக் குறி வைக்கும் முறை இதுதான். குறிச் சுத்தியலுக்கு இரண்டு முகம். ஒன்றில் அரசாங்க முத்திரை, மற்றதில் கோடரி மாதிரி ஒரு கத்தி. நல்ல மரமென்றால் கத்தியால் நெஞ்சு உயரத்தில் ஒரு இடத்திலும் அடிவேரோடு ஒரு இடத்திலும் மரப்பட்டையைச் சீவி, இரண்டிலும் முத்திரையை அடிக்க வேண்டும். அது வெட்டக்கூடிய மரம். உள்ளே பொந்து விழுந்த மரமென்றால் முத்திரை கிடையாது. மரப்பட்டையில் பெரிதாக ஒரு புள்ளடி வெட்டிவிட வேண்டும், வாக்குச் சீட்டில் போடுவது போல. அது தள்ளுபடி. இரண்டுக்கும் இலக்கம் உண்டு, இலக்கம் ஒன்றுகூடத் தவறக் கூடாது. எது நல்ல மரம், எது பொந்து என்று தீர்ப்பதுதான் வேலையே.

அதைத் தீர்க்கக் காசிம் சேர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்தால் புதிதாக வந்தவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். குடையை மடக்கி என்னிடம் தருவார். மரத்தை ஒருதரம் சுற்றி வருவார். பிறகு சுத்தியல் காம்பால் மூன்று தட்டு. முழங்கால் உயரத்தில் ஒன்று, இடுப்பு உயரத்தில் ஒன்று, கை எட்டிய மட்டும் மேலே ஒன்று. ஒவ்வொரு தட்டுக்கும் காதை மரத்தோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் ஒரே ஒரு சொல் வரும். "காத்திரம்." அல்லது "பொந்து." நான் பென்சிலால் எழுதுவேன். பின்னேரம் அலுவலகத்தில் அதை அவரே மையால் பதிவேட்டில் ஏற்றுவார். அந்தப் பதிவேட்டில் வெட்டுக் கொத்து ஒன்று நான் கண்டதில்லை. எழுதியதில் ஒரு சந்தேகம் வந்தால் மறுநாள் ஆறு மைல் சைக்கிள் மிதித்து அந்த மரத்திடமே திரும்பப் போவார். "மரம் அங்கதானே நிக்கிது, போய்க் கேட்டா என்ன?" என்பார்.

ஒருதரம் அவர் என்னைத் தட்டச் சொன்னார். தட்டினேன். "பொந்து போல இரிக்கி சேர்" என்றேன்.

"போலயா? போலன்ற மரம் ஒண்டும் இஞ்ச இல்ல. திரும்பத் தட்டு."

திரும்பத் தட்டியபோதுதான் அது நடந்தது. தலைக்கு மேலே பதினைந்து அடி உயரத்தில் ஒரு பொந்து வாயிலிருந்து தடித்த சிவப்புச் சொண்டோடு ஒரு பச்சைத் தலை எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்தது, சேரைப் பார்த்தது, பிறகு உள்ளே இழுத்துக்கொண்டது. யாரடா வாசலில் என்று ஒரு வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பது போலவே இருந்தது. காசிம் சேர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதன்முதல் கண்டேன்.

எங்கள் பக்கத்தில் அதைப் பெரிய கிளி என்பார்கள். தோட்டத்தில் திரியும் சாதாரணப் பச்சைக்கிளியைவிட ஒன்றரை மடங்கு பெரிது. தோளில் செம்மண் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும், ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கழுத்து வளையம் வளர்ந்த ஆணுக்கு மட்டும்தான். சத்தமும் வேறு. சின்னது கீச்சிடும், இது தொண்டையால் அதட்டும். அன்றிலிருந்து மரம் தட்டும்போதெல்லாம் மேலேயும் ஒரு கண் வைத்தேன். என் கொப்பியின் பின்பக்கங்களில் கிளிகளுக்கென்று ஒரு தனிக் கணக்கு வளர்ந்தது.

மார்கழியில் சோடி சோடியாக வந்து பொந்து பார்க்கும். பழைய பொந்தின் வாயைச் சொண்டால் கடித்துப் பெருப்பிக்கும். கூடு கட்ட ஒரு துரும்பும் கொண்டுபோகாது. உள்ளே உதிர்ந்து கிடக்கும் மரத்தூளிலேயே வெள்ளை முட்டை இரண்டு, மூன்று, சில நேரம் நான்கு. இது ஒரு தடியில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டி, மரமேறிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அடைகாப்பது பெண். ஆண் வந்து பக்கத்துக் கொப்பில் இருந்து மெதுவாக ஒரு குரல் கொடுக்கும். பெண் தலையை நீட்டும். ஆண் தன் தீன்பையிலிருந்து கக்கிக் கக்கி அதற்கு ஊட்டும். வட்டையில் நெல் பால் கட்டும் காலமும் அதுதான் என்பதால் விவசாயிகள் இதை வாழ்த்துவதில்லை. குஞ்சு பொரித்து ஏழு கிழமைக்குமேல் பொந்துக்குள்ளேயே கிடக்கும். சித்திரையில் பறந்து, வீரையும் பாலையும் பழுக்கும் காட்டுக்குத் தாய் தகப்பனோடு போய்விடும்.

இதையெல்லாம் கண்டபோது எனக்கு என் புள்ளடியைப் பற்றி ஒரு பெருமை வந்தது. பொந்து மரத்தில்தான் கிளி இருக்கிறது. பொந்து மரத்தை நான் தள்ளுபடி செய்கிறேன். ஆகவே கிளியைக் காப்பாற்றுபவன் நான். மனைவியிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் குஞ்சுகள் பறக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் மாசியில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் குஞ்சு இருக்கும். பங்குனியில் போனால் பொந்து வெறுமையாக இருக்கும். உடும்புதான் என்று முடிவு கட்டினேன். சொந்தக் காசில் தகரம் வாங்கி, உடும்பு ஏறாதபடி ஏழு மரத்துக்குச் சட்டை போட்டது போலச் சுற்றிக் கட்டினேன். அடுத்த பங்குனியில் குஞ்சும் இல்லை, தகரமும் இல்லை.

உடும்பை நான் கண்டது ஒரு சோதனைச் சாவடி வரிசையில். பேருந்திலிருந்து எல்லோரையும் இறக்கி நடக்க விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவனின் பனையோலைக் கூடைக்குள்ளிருந்து ஒரு அதட்டல் கேட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? கூடைக்காரன் திரும்பினான். பொன்னுத்துரை. எங்கள் ஆரையம்பதியில் என் வீட்டிலிருந்து மூன்றாம் ஒழுங்கை. வாவியில் வலை வீசிச் சீவித்தவன். கூடைக்குள் இறகு முளைத்தும் முளையாத மூன்று குஞ்சுகள்.

"என்னடா இது?"

"லீவில போற ஆமிக்காரனுகள் வாங்குவானுகள் அண்ணன். கொழும்பு பஸ்ஸிலயும் கேப்பாங்க. பேசப் பழக்கிறதுக்கு இதுதான் நல்ல சாதியாம்."

"பொந்து எங்க இரிக்கெண்டு உனக்கு யாரு காட்டித் தந்த?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "நீங்கதானே அண்ணன். மரத்தில புள்ளடி போட்டு வெச்சிரிக்கீங்க. நான் வாவியில கிடந்தவன், மரத்தப்பத்தி எனக்கு என்ன தெரியும்? புள்ளடி இல்லாத மரத்தில நான் கை வெக்கிறதே இல்ல."

வனத்துறை ஆள் நான் பக்கத்தில் நிற்கிறேன் என்ற பயம் அவனிடம் துளியும் இல்லை. நான் தெரிந்துதான் குறி போட்டு உதவுகிறேன் என்று நினைத்திருக்கிறான். இனிமேல் இதைச் செய்யாதே என்று அதட்டினேன். "வாவியில இறங்க விடட்டும், நான் ஏன் மரத்தில ஏறுறன்? மூணு புள்ளைகள் அண்ணன்" என்றான். அந்த மாதங்களில் வாவியில் தோணி இறக்கத் தடை. அவனைப் பிடித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, குஞ்சுகளைப் பறித்தாலும் அந்த வயதில் அவற்றை வளர்க்க எனக்குத் தெரியாது. வரிசை நகர்ந்தது. ஐந்து வருடமாகத் திருடனுக்கு வழிகாட்டிப் பலகை நட்டவன் நான் என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அதற்கடுத்த தையில் சித்தாண்டி வாய்க்கால் வரிசையின் முறை வந்தது. முப்பத்தெட்டு மருதை, எல்லாம் வயசான மரங்கள். அப்போது தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் நிலைமை மோசமாகியிருந்தது. ஏறாவூர் ஆள் சித்தாண்டி வயலுக்குள் வருவதும், சித்தாண்டி ஆள் ஏறாவூர்க் கடைத்தெருவுக்குப் போவதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற காரியம். சேர் வர முடியாது. சுத்தியல் றேஞ்சரின் கையை விட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். அவர் வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"நான் தட்டினதா நினைச்சுத் தட்டு. என்ட காத உனக்குத் தாறன்."

அன்று பதினாறு மரம் ஒழுங்காகச் செய்தேன். பதினாறும் காத்திரம். பதினேழாவது மரத்தைத் தட்டியதும் மேலிருந்து சிவப்புச் சொண்டு நீண்டது. அந்த வரிசையில் மிஞ்சியிருந்த ஒரே சோடி. புள்ளடி போட்டால் பொன்னுத்துரை வருவான். ஒன்றும் போடாமல் விட்டால் இலக்கம் தவறும். நின்று யோசித்தேன். பிறகு மரப்பட்டையைச் சீவி முத்திரையை அடித்தேன். "பதினேழு, காத்திரம்" என்று எழுதினேன். முத்திரை உள்ள மரத்தை வெட்ட வருவதற்கு எப்படியும் ஒரு வருடமாகும், அதற்குள் குஞ்சு பறந்துவிடும் என்பது என் கெட்டித்தனம். அத்தோடு நேரமாகிவிட்டது, மீதி மரங்களை விட்டுவிட்டு வந்தேன்.

மாசி நடுவில் பக்கத்து முகாமிலிருந்து கடிதம் வந்தது. காவலரண் கட்ட மரக்குற்றி வேண்டும், குறியிட்ட மரங்களின் பட்டியலை அனுப்பவும் என்று. பட்டியலில் இருந்தது என் பதினேழு மரம். பத்து நாளில் வெட்டுவார்கள். பொந்துக்குள் மூன்று குஞ்சுகள், கண் திறந்து சில நாட்கள்தான்.

ஒரு இரவு முழுதும் புரண்டுவிட்டுக் காலையில் அலுவலகத்துக்குப் போய்ச் சேரின் மேசைக்கு முன் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளடி, பொன்னுத்துரை, முத்திரை எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தினை மரத்தில இப்பிடிச் செய்த?"

"ஒண்டு சேர்."

"இலக்கம்?"

"பதினேழு."

பதிவேட்டைத் திறந்தார். தன் கையால் மையில் எழுதிய அந்த வரியைப் பார்த்தார். "எனக்கிட்டக் கேட்டிரிக்கலாமே தம்பி" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலில் இருந்தது கோபமில்லை.

வெட்டும் நாளன்று அவரும் வந்தார். சைக்கிளில், குடையோடு, மூன்று சோதனைச் சாவடிகளைத் தாண்டி, தன் ஊரார் யாரும் வராத இடத்துக்கு. முகாமிலிருந்து ஒரு இளம் கப்டனும் நான்கு பேரும் மரவாளோடு வந்திருந்தார்கள். சேர் அவர்களோடு சிங்களத்தில் ஏதோ பேசிவிட்டுப் பதினேழாவது மரத்தைச் சுற்றி வந்தார். மூன்று தட்டு. தலை எட்டிப் பார்த்தது. மரவாள்காரர்கள் சிரித்தார்கள். கப்டன் மேலே பார்த்தபடி ஏதோ சொன்னார்.

சேர் எனக்குச் சொன்னார், "அவர்ட உம்மா வீட்டில இதுமாதிரி ஒண்டு கூட்டுக்குள்ள இரிக்காம். பேசுமாம். இது பொந்து மரம், காவலரணுக்கு உதவாதெண்டு சொல்லிட்டன். பதினாறும் போதுமாம்."

அவர்கள் முதலாம் மரத்துக்குப் போய்விட்டார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சேர் மட்டும் அசையவில்லை. மரம் பொந்து என்று அவரே சொல்லியாகிவிட்டது. இனி என் முத்திரையைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புள்ளடி போட்டாக வேண்டும். போட்டால் பொன்னுத்துரை.

"கொப்பிய எடு தம்பி."

முத்திரையைச் செதுக்கி எறிந்துவிட்டுத் தானே புள்ளடி வெட்டினார். ஆழமாக, பெரிதாக. பிறகு பதினெட்டாவது மரத்துக்கு நடந்தார். சுற்றி வந்தார், மூன்று தட்டு, காதை ஒட்டிக் கண்ணை மூடினார். அது காத்திரமான மரம், எட்டடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது.

"பொந்து" என்றார். "எழுது."

"சேர்..."

"எழுது தம்பி."

பத்தொன்பது, பொந்து. இருபது, பொந்து. முப்பத்தெட்டு வரைக்கும் ஒரு மரத்துக்கும் ஒரு தட்டைக்கூட அவர் குறைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேட்டார், கேட்டதற்கு மாறாகச் சொன்னார், புள்ளடி வெட்டினார். பின்னால் மரவாள் சத்தம் வந்துகொண்டிருந்தது. கடைசி மரங்களில் அவர் குரல் எனக்கே எட்டவில்லை. உதட்டைப் பார்த்து எழுதினேன். அன்று பின்னேரம் பதிவேட்டில் பதினேழாவது வரியை ஒரு கோடு இழுத்து வெட்டினார். அவர் கையால் விழுந்த முதல் வெட்டு அது.

பொன்னுத்துரை பங்குனியில் வந்திருக்கிறான். பிறகு வழியில் கண்டபோது முறையிட்டான். "என்ன அண்ணன், வரிசை முழுக்கப் புள்ளடி! நாலு மரம் ஏறிப் பாத்தன், முழங்கால் தேஞ்சதுதான் மிச்சம்." சித்திரை முதல் கிழமை மூன்று குஞ்சுகளும் பறந்தன. மூன்றாவது இரண்டு நாள் பொந்து வாயிலேயே நின்று அடம் பிடித்தது. கீழே நின்று நான் கெஞ்சினேன். அன்று நான் பட்ட சந்தோசத்தை எந்தச் சம்பள ஏற்றமும் தந்ததில்லை.

அடுத்த வருடம் ஒரு மர ஒப்பந்தகாரர் மனுப் போட்டார். நல்ல மரங்களைப் பொந்தென்று எழுதிக் கள்ளமாக விற்கப் பார்க்கிறார்கள் என்று. விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். ஆள் வைத்துத் தட்டிப் பார்த்ததில் இருபத்தொன்றில் பத்தொன்பது காத்திரம். காசிம் சேரையும் என்னையும் ஒரே மேசைக்கு முன் நிறுத்தினார்கள். இவ்வளவு மரத்தில் எப்படித் தவறும் என்று கேட்டார் வந்தவர். கிளி என்று சொல்லலாம். சொன்னால் பதினேழில் பொய் முத்திரை அடித்தது யார் என்ற கேள்வி வரும்.

"எனக்குக் காது மந்தம் சேர்" என்றார் காசிம் சேர். "வயசு போயிட்டு. கொஞ்சக் காலமாச் சரியாக் கேக்கிறல்ல. வெளியில சொல்ல வெக்கப்பட்டு மறைச்சிட்டன்."

விசாரிக்க வந்தவர் என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்கிறீர்?"

எனக்கு அப்போது இரண்டு பெண் பிள்ளைகள். வேலை போனால் அந்த நாளில் வேறு வேலை இல்லை. இதெல்லாம் காரணம்தான், நியாயம் இல்லை. "சேர் சொன்னபடிதான் நான் எழுதினேன்" என்றேன். சொல்லுக்குச் சொல் உண்மை.

அவரை வெளிக்கள வேலையிலிருந்து எடுத்து மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் ஒரு கோப்பு அறையில் போட்டார்கள். சம்பள ஏற்றத்தை நிறுத்தினார்கள். ஓய்வு பெறும்வரை அவர் ஒரு மரத்தையும் தட்டவில்லை. சுத்தியல் என் கைக்கு வந்தது. அதோடு முப்பது வருடம் உத்தியோகம் பார்த்து, மாலை போட்டு அனுப்பப்பட்டேன்.

பாதைகள் திறந்த பிறகு ஒரு பின்னேரம் ஏறாவூருக்கு அவரைப் பார்க்கப் போனேன். முற்றத்து மாமர நிழலில் கதிரை போட்டு இருந்தார். எழுபது தாண்டியிருந்தது. தேத்தண்ணி வந்தது. வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்து கொண்டுபோயிருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "சேர், அண்டைக்கு விசாரணையில நான்..." என்றதும் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார். தலையைக் கொஞ்சம் சாய்த்தார்.

"பெரிய கிளி" என்றார். "ரெண்டு. வாவிப் பக்கம் போகுது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், வெகு தூரத்தில், அந்தத் தொண்டைக் குரல் வந்தது. பிறகு தென்னைகளுக்கு மேலால் இரண்டும் கடந்து போயின. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கிளி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன வசனம் அன்றும் முடியவில்லை. அதற்கடுத்த வருடம் அவர் மௌத்தாகிவிட்டார்.

துளசி, கச்சேரிக் கோப்பில் அவர் செவிப்புலன் குறைந்தவர் என்றும் அதனால் அரசாங்கத்துக்கு நட்டம் வந்தது என்றும் இன்னமும் எழுதியிருக்கும். அது பொய். பதினேழாம் இலக்க மரத்தில் பொய் முத்திரை அடித்தவன் நான். மலரில் இடமில்லாவிட்டால் பரவாயில்லை. இதை அந்தக் கோப்புக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள்.